இரண்டு கிரெடிட்

திங்கட்கிழமை என்றால் எங்களுக்கு வேங்கிக்கால்தான். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரும் சனத்தோடு நாங்களும் வரிசையில் நிற்போம். மயானத்துக்குப் பாதை, பஞ்சமி நிலம், காலனிக்குத் தண்ணீர்த் தொட்டி, இழுத்தடிக்கப்படும் சாதிச் சான்றிதழ் என்று எங்களுக்கு மனு இல்லாத வாரமே கிடையாது. செங்கம், தண்டராம்பட்டு, போளூர், கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வருகிற பெரியவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள். கையெழுத்து நன்றாக இருக்கும், அதிகாரியிடம் தடுமாறாமல் பேசுவார்கள். அதைப் பார்த்து எங்களுக்குப் பெருமையாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் பேசுகிறார்கள் பார் என்று.

அந்தப் பெருமைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். இது அரசின் மீதோ பல்கலைக்கழகத்தின் மீதோ மட்டும் வைக்கும் குற்றச்சாட்டு இல்லை. எங்கள் மீதும்தான்.

2025 ஜூன் மாதம், செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை எங்கள் அறைக்கு வந்தார். பி.ஏ. வரலாறு. 2021-இல் சேர்ந்து 2024-இல் மூன்று வருடத்தை முடித்தவர். அவர் குடும்பத்தில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். கல்லூரியில் இடம் கிடைத்தபோது ஊரில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அண்ணலின் படத்துக்குக் கீழே அவர் படம். வைத்தது நாங்கள்தான்.

அவர் பி.எட். சேர விண்ணப்பம் போட வேண்டும். புரொவிஷனல் சான்றிதழ் கேட்டார்கள். இவரிடம் ஆறு பருவத்து மதிப்பெண் பட்டியல்கள் மட்டும்தான் இருந்தன. ஒரு வருடமாகத் திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்துகொண்டே, பட்டமளிப்பு விழாவில் எல்லாம் ஒன்றாகக் கொடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, “உனக்கு அரியர் இருக்கும்மா” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எந்தப் பாடம் என்று கேட்க இவருக்குக் கூச்சம். சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

நாங்கள் ஆறு பட்டியலையும் தரையில் பரப்பி வைத்து எண்ணினோம். 138. வேண்டியது 140. முதல் வருடத்தில் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள். இரண்டு கிரெடிட். அதற்கு நேராக ஆப்சென்ட் என்று இருந்தது. அன்று அவருக்குக் காய்ச்சல். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர், அதை மறந்தேபோனார்.

“அது மெயின் பேப்பர் இல்லையேக்கா. அதுக்கா டிகிரி குடுக்க மாட்டாங்க?” என்று கேட்டார்.

மேஜர் பாடங்கள் அத்தனையும் பாஸ். சில தாள்களில் எழுபதுக்கு மேல். ஆனால் பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவர் பட்டதாரி இல்லை. அப்பா ஊரெல்லாம் “எம் பொண்ணு டிகிரி” என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு வருடமும் அவர் பட்டதாரியாக இருக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை பருவத் தேர்வு நடந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதி முடித்திருப்பார்.

யார் சொல்லியிருக்க வேண்டும்? இதுதான் கேள்வி.

நம் பகுதிக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பகுதி ஒன்று தமிழ். பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில் மேஜர், அலைடு, எலெக்டிவ். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் சார்ந்த தாள்கள், வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய நான்-மேஜர் எலெக்டிவ். பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ். பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. நீங்கள் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று பார்க்கும்போது பகுதி நான்கையும் ஐந்தையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் மாணவர்களும் அதை மதிப்பதில்லை, பல இடங்களில் ஆசிரியர்களும் மதிப்பதில்லை. ஆனால் பட்டம் கொடுக்கும்போது அதுவும் கட்டாயம். சுற்றுச்சூழல் பாடம் எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியாக வந்தது. எந்தத் துறை மாணவரும் அதைத் தாண்டாமல் போக முடியாது.

இந்த விஷயம் படித்த வீட்டுப் பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது? அவரும் விதிமுறைப் புத்தகத்தைப் படிப்பதில்லை. சாப்பிடும்போது சித்தப்பா கேட்கிறார்: “ஈ.வி.எஸ். முடிச்சிட்டியாடா? அதுல விட்டுடாத.” அக்கா சொல்கிறார்: “நான்-மேஜருக்கு அந்தத் துறையில் சேராதே, பேப்பர் கஷ்டம்.” மாமா பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற நண்பருக்கு ஒரு போன் போடுகிறார். இதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை, செலவும் இல்லை. நிலத்தைப் போல, வீட்டைப் போல, இதுவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து. நமக்கு நிலமும் வரவில்லை, இந்தச் சொத்தும் வரவில்லை. பிறகு மேடையில் “எல்லோருக்கும் ஒரே தேர்வுதானே, ஒரே விதிதானே” என்று நம்மிடம் தகுதி பேசுகிறார்கள்.

கல்லூரிகளில் மென்ட்டார் என்று ஒருவர் உண்டு. இத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பட்டியல் போட்டு, நாக் குழு வரும்போது கோப்பாகக் காட்டுவார்கள். உண்மையாகவே அக்கறையோடு பார்க்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களால் கரையேறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் வகுப்புகளில் பெரும்பகுதி கௌரவ விரிவுரையாளர்கள் தோளில் இருக்கிறது. அவர்களுக்கே அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாது. ஒரு மாணவரை ஆறு பருவமும் தொடர்ந்து பார்க்க அவர்களால் எப்படி முடியும்? அதற்கு மேல் நம் பிள்ளைகளுக்குத் துறையின் கதவைத் தட்டவே தயக்கம். உள்ளே போனால் “ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும் வந்துடுவீங்க” என்று ஒரு சொல் விழும். அதைக் கேட்பதைவிட அரியரோடு இருப்பது மேல் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது கதை எங்கள் குற்றம்.

சில வருடங்களுக்கு முன் எங்களோடு ஒரு தம்பி இருந்தார். எந்த மனுவானாலும் அவர்தான் எழுதுவார். ஒரு பருவம் முழுக்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களோடு வேங்கிக்காலில்தான் இருந்தார். நாங்கள்தான் கூப்பிட்டோம். “ஒரு நாள்தானே தம்பி” என்று சொன்னோம். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் இரவு முழுக்கத் தண்ணீர் பாட்டில் விற்பார். தேர்வுக் கட்டணமும் பஸ் செலவும் அதில்தான். மறுநாள் கல்லூரிக்குப் போக உடம்பில் தெம்பு இருக்காது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பருவத்துக்கு வேலை நாள் 90. வாரம் ஐந்து நாள் வீதம் 18 வாரம். திங்கட்கிழமை மட்டும் 18 நாள் போய்விட்டது. மீதி 72. பௌர்ணமிக்கு மறுநாள் என்று ஐந்து நாள். மீதி 67. தொண்ணூறில் 67 என்பது 74.4 சதவீதம். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். அதாவது 68 நாள். ஒரே ஒரு நாள் குறைவு.

“அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்” என்று அறிவிப்புப் பலகையில் பெயர் வந்தது. அவ்வளவுதான், தேர்வு எழுத முடியாது என்று நினைத்துக்கொண்டு எங்களிடம்கூடச் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். ஆனால் விதி அப்படிச் சொல்லவில்லை. 65 சதவீதத்துக்கு மேல் 75-க்குக் கீழ் இருப்பவர்கள் காரணம் காட்டி விண்ணப்பித்து, கண்டோனேஷன் கட்டணம் கட்டினால் தேர்வு எழுதலாம். நம் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள விதி இது. ஒரு தாளில் ஒரு விண்ணப்பம், சில நூறு ரூபாய், துறைத் தலைவர் கையெழுத்து. ஒரு நாள் குறைந்ததற்கு ஒரு பருவமே போக வேண்டியதில்லை. அவருக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆட்சியருக்கு, ஆணையத்துக்கு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு எழுதத் தெரிந்த எங்களுக்குக் கல்லூரி முதல்வருக்கு எழுத வேண்டிய அந்த ஒரு மனு தெரியவில்லை.

ஒரே பருவத்தில் அத்தனை தாளும் நிலுவை. அடுத்த பருவத்தில் அது பாரமாகி, மூன்றாம் வருடத்தில் நின்றுவிட்டார். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பார்த்தால் சிரிப்பார். ஒரு முறைதான் கேட்டார்: “அண்ணா, அப்போ நீங்க யாராவது படிச்சீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா?” எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

இயக்கத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் நாங்கள் என்ன கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தோம். அண்ணலைப் படித்தாயா, அயோத்திதாசரைப் படித்தாயா, ரெட்டமலை சீனிவாசனைத் தெரியுமா என்று கேட்டோம். எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை. சேர்க்கைக்கு ஃபிளெக்ஸ் வைத்தோம். பட்டம் வந்ததா என்று பார்க்கவில்லை.

ஆனால் அண்ணலின் வாழ்க்கையையே இந்தக் கோணத்தில் படித்துப் பாருங்கள். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனார். 1916-இல் லண்டன். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டிய கட்டாயம். போனது போகட்டும் என்று கப்பல் ஏறவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டுதான் கிளம்பினார். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, கெடு முடிவதற்குள் 1920-இல் திரும்பினார். 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி. கொலம்பியாவின் முனைவர் பட்டத்தையும் பாருங்கள். ஆய்வேடு 1917-லேயே ஏற்கப்பட்டது. ஆனால் அதை அச்சிட்டுப் படிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே விதி. 1925-இல் நூல் வந்தது. 1927-இல்தான் பட்டம் முறைப்படி கைக்கு வந்தது. பத்து வருடம். அரசியலும் வழக்குகளும் போராட்டமும் நிறைந்த பத்து வருடம். மகாத் நடந்ததும் அதே 1927-இல்தான். அந்த நெருக்கடியிலும் ஒரு பல்கலைக்கழக விதியை அவர் கைவிடவில்லை. அண்ணலின் மேதைமையைப் பேசுகிற நாம், கெடு தேதியைக் குறித்து வைத்துக்கொண்ட அண்ணலைப் பேசுவதே இல்லை.

வெளியே என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் அகாடமிக் அட்வைசர் என்று தனியாக ஆள் உண்டு. எந்தப் பாடம் முடித்தாய், எது பாக்கி என்று கணினியே கணக்குக் காட்டும். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் அதிகம். அவர்கள் பாதியில் நிற்பதும் அதிகமாக இருந்தது. 2012 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் 800-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகளைக் கணினி வழியாகக் கவனித்தார்கள். தவறான பாடம் எடுத்தாலோ முக்கியத் தாளில் மதிப்பெண் சரிந்தாலோ அட்வைசர் உடனே கூப்பிட்டுப் பேசுவார். சிறு தொகை கட்ட முடியாமல் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்தவர்களுக்குப் பல்கலைக்கழகமே அந்தத் தொகையைக் கொடுத்தது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையே பட்டம் பெறுவதில் இருந்த இடைவெளி அங்கே மூடப்பட்டது. பிள்ளைகளின் மூளையில் குறை இருந்திருந்தால் இப்படி மூடியிருக்குமா? கவனிக்க ஆள் வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டிலோ 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புதிய சட்டகம் ஒரு வருடத்தில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் வெளியேறினால் டிப்ளமோ என்று வாசல் திறந்து வைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வெளியேறும் வாசல் எப்போதும் திறந்துதான் இருக்கிறது. நாம் கேட்பது உள்ளே நிறுத்தி வைக்கிற கை. தமிழ்நாட்டில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நல்லது, அதை நம்பிப் படிக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதோடு ஒவ்வொரு பருவ முடிவிலும் “உனக்கு இத்தனை கிரெடிட் பாக்கி, கடைசித் தேதி இது” என்று ஒரு குறுஞ்செய்தி வர வைக்க எவ்வளவு செலவாகும்? கல்லூரிதோறும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு இருக்கிறது. அது பட்டியலின மாணவர்களின் நிலுவைத் தாள் கணக்கைப் பருவம்தோறும் எடுக்க வேண்டும். இதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க முடியாது. தங்கை வந்து போன பிறகு எங்கள் அறையில் ஒரு பழக்கம் வைத்தோம். பருவத் தேர்வு முடிவு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மதிப்பெண் பட்டியலோடு வர வேண்டும். ஆளுக்கு ஒரு நோட்டு. பருவத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு தாளுக்கும் பெயர், குறியீட்டு எண், கிரெடிட், பாஸா இல்லையா என்று எழுத வேண்டும். கீழே இதுவரை எத்தனை, இன்னும் எத்தனை என்று கூட்டிப் போட வேண்டும். முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேருக்குத் தங்களுக்கே தெரியாத பாக்கி இருந்தது. ஒருவர் நான்-மேஜர் எலெக்டிவை எடுக்கவே இல்லை. ஒருவருக்கு என்.எஸ்.எஸ். பதிவு ஏறவில்லை. ஒருவர் இன்டர்னலும் சேர்த்து நாற்பது வந்துவிட்டது, பாஸ் என்று நினைத்திருந்தார். வெளித் தேர்வில் 75-க்கு 30 தனியாக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் கற்றுக்கொண்டதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம். சேர்ந்த வருடத்து விதிமுறையை, அதாவது ரெகுலேஷனை, முதல் மாதமே பிரதி எடுத்து வையுங்கள். பாடத்திட்டம் மாறும்போது பழைய தாளுக்குப் பதில் எந்தத் தாள் என்று கேட்க அதுதான் ஆதாரம். அரியர் தாளுக்குத் தேர்வுக் கட்டணம் தனியாகக் கட்டிப் பதிவு செய்தால்தான் ஹால் டிக்கெட்டில் அந்தத் தாள் வரும். மூன்று வருடப் படிப்புக்கு மேலும் இரண்டு வருடம், விதிவிலக்காக இன்னும் ஒரு வருடம் என்று மானியக் குழு 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் எவ்வளவு தருகிறது என்று பார்த்து அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பார்க்கலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பத்து ரூபாய் மனு. தகுதி பெற்ற 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது 2008-இன் விதி. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-இல் மானியக் குழு அறிவித்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள் உங்கள் பட்டத்தின் பெயர் கேட்கப்படும் பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அல்ல.

திங்கட்கிழமை பழக்கத்தையும் மாற்றிவிட்டோம். கல்லூரியில் படிக்கிற யாரையும் வகுப்பு நாளில் மனு எழுதக் கூப்பிடுவதில்லை. மனுக்களை ஞாயிறு மாலையே எழுதி வைத்துவிடுகிறோம். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது. பரவாயில்லை.

தங்கை 2025 நவம்பரில் அந்தத் தாளை எழுதினார். பாடத்திட்டம் மாறியிருந்ததால் தாளின் குறியீடு மாறி, அதற்கே இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. இந்த முறை எந்தத் தாள், எந்த எண் என்று அவரே ஜன்னலில் நின்று கேட்டார். நாங்கள் வெளியே டீக்கடையில் இருந்தோம். முடிவு வந்த அன்று போன் செய்து, “அக்கா, நூத்தி நாப்பது” என்றார். பி.எட். ஒரு வருடம் தள்ளிப்போனது போனதுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாமாண்டு பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பது அவர்தான்.

தம்பியின் பட்டியல்களையும் வாங்கி வந்து எண்ணிப் பார்த்தோம். அவருடைய கால வரம்பு முடிந்துவிட்டது. பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பாகத் தேர்வு நடத்துவதாகப் பல்கலைக்கழகங்கள் எப்போதாவது அறிவிக்கும். அடுத்த அறிவிப்புக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை தாள் பாக்கி என்று எழுதிக் கொடுத்தோம். ஆட்டோவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாளைச் செருகி வைத்திருக்கிறார். எழுதுவாரா என்று தெரியாது. கட்டணத்தை நாங்கள் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம். அது உதவி இல்லை, பட்ட கடன்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் தெரியாமலே இரண்டு கிரெடிட்டில் நிற்கிற ஒருவர் இருப்பார். அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடும் முன், மதிப்பெண் பட்டியலை எடுத்து வரச் சொல்லுங்கள். உட்கார்ந்து எண்ணுங்கள்.

ஜெய்பீம்.